ஊதாங்குழலும் மருந்துக் குழலும்

தலைவிதி என்கின்ற ஒரு சொல் நம் மக்களுக்குக் கிடைத்திருப்பதானது, சர்க்காருக்கும் மந்திரக்காரர்களுக்கும் போலி வைத்தியர்களுக்கும் எவ்வளவு சௌகரியமாயிருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அம்மை வார்த்தபோது அது ஆத்தாளின் கோபம் என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள், கூழ் ஊற்றினார்கள், தீ மிதித்தார்கள். ஆத்தாளின் கோபம் தணியவில்லை. அம்மை குத்தினார்கள், பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-ம் வருஷத்தில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காசநோயைப் பூர்வ ஜென்ம பாபம் என்றார்கள். 1882-ல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் அதன் கிருமியைப் பூதக்கண்ணாடியின் கீழ்க் காட்டினார். அன்று முதல் பாபம் கிருமியாய்ப் போய்விட்டது.

ஆனால் இன்றைக்கும் ஒரு நோயை மட்டும் நம்மவர்கள் தலைவிதிக்கும் வயதுக்கும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதுதான் இளைப்பு, இழுப்பு, ஈளை, மூச்சிரைப்பு என்று ஊருக்கொரு பேர் சொல்லி வழங்கும் நாட்பட்ட நுரையீரல் நோய். "வயசாயிற்று, இளைக்கிறது" என்கிறார்கள். "அவன் அப்பனுக்கும் இப்படித்தான் இழுத்தது" என்கிறார்கள். திண்ணையில் ஒரு கிழவி இராத்திரி முழுவதும் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுகிறாள். வீட்டில் உள்ளவர்கள் அதைச் சுவர்க்கோழிச் சத்தம் போலக் கேட்டுப் பழகிக் கொண்டு தூங்குகிறார்கள். இது தலைவிதியா? இது வயதின் குற்றமா? இல்லை என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகின்றோம்.

நோயின் அளவு

முதலாவது, இது ஏதோ நாலு கிழவர்களின் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்கி, நுரையீரலின் காற்றறைகள் கிழிந்து, உள்ளே போன காற்று வெளியே வரமுடியாமல் தங்கிவிடும் இந்நோயால் 2021-ம் வருஷத்தில் மாத்திரம் உலகில் சுமார் 35 லட்சம் பேர் மாண்டார்கள். அவ்வருஷத்தில் உலகத்தைக் கொன்ற நோய்களில் இது நாலாவது ஸ்தானம் வகித்தது. இதில் கவனிக்க வேண்டிய நியாயம் ஒன்றுண்டு. எழுபது வயதுக்குள்ளாக இந்நோயால் சாகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் உள்ளவர்கள். தலைவிதி என்பது உண்மையானால், அது பணக்கார நாட்டானை ஏன் எழுபதுக்கு மேல் விட்டுவைத்து, ஏழை நாட்டானை மட்டும் அதற்கு முன்பே பிடிக்கிறது? பிரமன் தலையில் எழுதும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறானா?

நம் இந்தியாவின் கணக்கைப் பாருங்கள். 1990-ல் இந்நாட்டில் சுமார் 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. 2016-ல் அது 5 கோடியே 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அப்போது உலக ஜனத்தொகையில் நாம் நூற்றுக்கு 18 பங்கு. உலகத்து நாட்பட்ட மூச்சு நோய்களின் பாரத்திலோ நம்முடையது நூற்றுக்கு 32 பங்கு. ஞானபூமி, புண்ணிய பூமி என்று மார்தட்டிக் கொள்ளுகிறோம். புண்ணியத்தில் நம் பங்கு எவ்வளவு என்று அளக்க இதுவரை கருவி கிடையாது. மூச்சுத் திணறலில் எவ்வளவு என்பதை அளந்து காட்டிவிட்டார்கள்.

காரணம் எது?

இழுப்பு என்றவுடனே "பீடி குடித்தான், அனுபவிக்கிறான்" என்று சொல்லிவிடுவது ஒரு வழக்கம். பீடி விஷம் என்பதில் சந்தேகமில்லை. பீடிப் புகையில் சிகரெட்டைவிட அதிகத் தாரும் கரிவாயுவும் உண்டு. பீடி குடிக்கும் தோழர்கள் இன்றைக்கே அதை விட்டொழிக்க வேண்டும். ஆனால் பணக்கார நாடுகளில் இந்நோய்க்காரர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் புகையிலையால் வந்தவர்கள் என்றால், நம்மைப் போன்ற நாடுகளில் அது முப்பது நாற்பதோடு நின்றுவிடுகிறது. 2016-ம் வருஷத்து இந்தியக் கணக்கின்படி, இந்நோயின் பாரத்தில் பாதிக்குமேல், அதாவது நூற்றுக்கு சுமார் 54 பங்கு, கெட்ட காற்றினால் வந்தது. புகையிலையால் வந்தது சுமார் 25 பங்கு. வேலை செய்யுமிடத்துப் புழுதியாலும் புகையாலும் வந்தது சுமார் 16 பங்கு.

அந்தக் கெட்ட காற்று எங்கே இருக்கிறது? டில்லியில் இருக்கிறது, ஆலைப் புகைபோக்கியில் இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் அதைவிடக் கிட்டத்தில், நம் வீட்டுக்குள்ளேயே, அடுப்பங்கரையில் இருக்கிறதை எழுதுவோர் குறைவு. உலகத்தில் இன்னமும் சுமார் 210 கோடி மக்கள் விறகையும், சுள்ளியையும், வறட்டியையும், கரியையும் எரித்துச் சமைக்கிறார்கள். கர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1981-ல் குஜராத் கிராமங்களில் அடுப்பின் முன் உட்கார்ந்து சமைத்த பெண்களின் மேலேயே கருவியை மாட்டி அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். அதற்கு முன் நாட்டுப்புறத்தில் காற்றுக் கெடாது என்றே உலகம் நம்பிக் கொண்டிருந்தது. கவிகளும் கிராமத்துக் காற்றை அமுதம் என்று பாடிக் கொண்டிருந்தார்கள். அக்கவிகளில் எத்தனை பேர் ஈர விறகில் உலை வைத்தவர்கள் என்று கேட்கின்றோம்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு பெண் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் அடுப்பின் முன் இருக்கிறாள் என்று வைத்துக் கொள்வோம். பதினைந்து வயதில் ஆரம்பித்து ஐம்பத்தைந்து வரை நாற்பது வருஷம். மொத்தம் 43,800 மணி. அதாவது சரியாக ஐந்து வருஷம் இராப்பகலாகப் புகைக்குள் அவளை அடைத்து வைத்ததற்குச் சமம். கொலைக் குற்றவாளியைக்கூட எந்தச் சட்டமும் இப்படிப் புகையறையில் அடைக்கச் சொல்லவில்லை. இவள் செய்த குற்றம் பெண்ணாய்ப் பிறந்ததும், நமக்குச் சோறு ஆக்கிப் போட்டதும் தவிர வேறென்ன?

நம் திருவள்ளூர் ஜில்லாவில் 45 கிராமங்களில் பீடி சிகரெட் தொடாத 900 பெண்களைச் சோதித்து 2011-ல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்நோய் இருந்தது. தினம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுப்பங்கரையில் இருந்தவர்களிடம் இது இன்னும் அதிகமாகக் காணப்பட்டது. புகையிலையைக் கையாலும் தொடாத பெண்ணுக்குப் புகை நோய் வருகிறதென்றால், அந்தப் புகையை ஊதியது யார்? அவள் கையில் ஊதாங்குழலைக் கொடுத்த குடும்பமும், அதைப் பார்த்துக் கொண்டிருந்த சர்க்காரும்தானே?

"எங்கள் பாட்டி விறகடுப்பில் சமைத்துத் தொண்ணூறு வயது இருந்தாள்" என்று சிலர் வாதிப்பார்கள். இருந்திருக்கலாம். இருந்த பாட்டியைப் பற்றித்தான் பேரன் பேசுகிறான். நாற்பதில் இருமிச் செத்த பாட்டியைப் பற்றிப் பேச அவளை அறிந்தவர் யார் இருக்கிறார்கள்? "விறகடுப்புச் சோற்றுக்குத் தனி ருசி" என்பது இன்னொரு வாதம். அந்த ருசியை மெச்சுகிறவர் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருப்பவர். இருமுகிறவள் உள்ளே இருப்பவள். ருசி வேண்டுமென்பவர்கள் தாங்களே ஒரு மாதம் அந்த அடுப்பை ஊதிச் சமைத்துப் பார்க்கட்டும்.

அடுப்புப் புகை போதாதென்று நாமாகச் சேர்த்துக் கொள்ளும் புகையும் உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-ல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அதைக் கதவைச் சாத்திக் கொண்டு குழந்தையின் தலைமாட்டில் கொளுத்துகிறோம். போகியன்று டயரைக் கொளுத்துகிறோம். குளிப்பாட்டிய பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணி போட்டு அது இருமினால் "திருஷ்டி கழிகிறது" என்கிறோம். கழிவது திருஷ்டியல்ல.

ஆண்கள் தப்பினார்களா என்றால் அதுவுமில்லை. கல்லுடைப்பவன் நுரையீரலில் கல்தூள், பஞ்சாலைத் தொழிலாளி நுரையீரலில் பஞ்சுத்தூள், காசநோயிலிருந்து பிழைத்தவன் நுரையீரலில் அது விட்டுப்போன வடு. இவர்களும் நாளடைவில் அதே திண்ணையில்தான் வந்து உட்காருகிறார்கள். முதலாளி முகமூடி வாங்கிக் கொடுக்காததும், தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்காததும் எந்தப் பிரமன் எழுதிய எழுத்து?

நோய் இருப்பதே தெரியாது

உகாண்டா, நேபாளம், பெரு என்னும் மூன்று நாடுகளில் நாற்பது வயதும் அதற்கு மேலுமுள்ள பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2022-ல் முடிவு கூறினார்கள். நேபாளத்துப் பக்தபூரில் நூற்றுக்கு 18 பேருக்கும், உகாண்டாவின் நகசேகே என்னும் நாட்டுப்புறத்தில் நூற்றுக்கு 7 பேருக்கும் இந்நோய் இருந்தது. ஆச்சரியம் அதுவல்ல. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 95 பேருக்குத் தங்களுக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது என்பதே அன்றுவரை தெரியாது!

ஏன் தெரியவில்லை? கண்டுபிடிக்கக் கருவி இல்லையா? ஜான் ஹட்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியர் 1846-லேயே ஸ்பைரோமீட்டர் என்கின்ற மூச்சளவுக் கருவியை லண்டனில் செய்து காட்டிவிட்டார். மூச்சை நன்றாக இழுத்துக் குழாயில் பலமாக ஊத வேண்டியதுதான். முதல் ஒரு நொடியில் வெளிவந்த காற்று, மொத்தம் வெளிவந்ததில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறைந்தால் குழலில் அடைப்பு என்று அர்த்தம். மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்லியும் குறைந்தே இருந்தால் நாட்பட்ட நோய் என்று சந்தேகிக்கலாம். 1846-க்கும் இன்றைக்கும் எத்தனை தலைமுறை? இத்தனை தலைமுறைக்குப் பிறகும் நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இக்கருவியைத் தேடினால் கிடைப்பது அரிதாயிருக்கிறது. அதே ஊரில் கும்பாபிஷேகத்திற்கு மட்டும் பணத்திற்குக் குறைவில்லை.

மீன் வைத்தியம்

கருவி இல்லாத இடத்தில் கடவுள் வந்து உட்காருகிறார். ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மிருகசீரிட கார்த்தி என்று ஒரு நாள் பார்த்து, ஒரு குடும்பத்தார் உயிருள்ள விரால் மீன்குஞ்சின் வாயில் பச்சிலைக் களிம்பை அடைத்து, அதை அப்படியே ஆஸ்துமாக்காரர்களின் தொண்டைக்குள் விடுகிறார்கள். மரக்கறிக்காரர்களுக்கு மீனுக்குப் பதில் வெல்லம். 1845-ல் ஒரு சாமியார் சொல்லிக் கொடுத்த மருந்து என்றும், வெளியே சொன்னால் பலிக்காது என்றும் சொல்லுகிறார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து வெயிலில் வரிசை நிற்கிறார்கள். சர்க்கார் மீனும் கொடுத்துப் போலீசும் கொடுக்கிறது.

முன்னே இதற்கு மருந்து என்று பெயர். இது மருந்துதானா என்று பகுத்தறிவாளர்கள் கோர்ட்டுக்குப் போன பிறகு அது பிரசாதமாகிவிட்டது! மருந்தென்றால் பரீட்சை செய்து காட்ட வேண்டும். பிரசாதமென்றால் பக்தி ஒன்றே போதும். பெயரை மாற்றியதிலிருந்தே அதன் யோக்கியதை விளங்கவில்லையா? வெளியே சொன்னால் பலிக்காத மருந்தும் உலகத்தில் உண்டா? குயினைன் எதிலிருந்து வருகிறது என்பது ஊரறிந்த இரகசியம். அதனால் அதன் வீரியம் குறைந்துவிட்டதா? ஆஸ்துமா என்பது தானே ஏறித் தானே இறங்கும் சுபாவமுள்ள நோய். ஏறியிருக்கும்போது மீனை விழுங்கினவன் பத்து நாளில் இறங்கினவுடன் "மீன் குணப்படுத்திற்று" என்று ஊரெல்லாம் சொல்லுகிறான். மறுபடி ஏறினால் "பத்தியம் தவறினேன்" என்று தன்னையே நொந்து கொள்ளுகிறான். ஜெயித்தால் சாமிக்குப் பேர். தோற்றால் நோயாளி மேல் பழி. இப்படிப்பட்ட வியாபாரத்தில் நஷ்டம் எப்படி வரும்?

குழலுக்கு ஏன் பயம்?

இனி, உண்மையான மருந்துக்கு வருவோம். வாயில் வைத்து இழுக்கும் மருந்துக் குழல், அதாவது இன்ஹேலர், 1956-ல் வந்தது. மூச்சுக்குழலை விரிக்கும் சால்புட்டமால் என்னும் மருந்து 1969-ல் கடைக்கு வந்தது. இவற்றின் உரிமைக் காலம் தீர்ந்து எவ்வளவோ வருஷமாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இவை இருக்கின்றன. ஆனால் நம் ஜனங்களோ, "குழல் வைத்தால் பழகிவிடும்", "அது கடைசி மருந்து", "பெண்ணுக்குக் குழல் என்று தெரிந்தால் கலியாணம் ஆகாது" என்று ஒளித்து வைக்கிறார்கள்.

ஒரு கிராமத்தில் நாம் பேசி முடித்தபோது ஒரு அம்மாள் எழுந்து, "அய்யா, மாத்திரையே போதாதுங்களா? குழல் ரொம்ப வீரியமாமே?" என்று கேட்டார். "அம்மா, நீங்கள் முழுங்குகிற சால்புட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. குழலில் இரண்டு தடவை இழுத்தால் 0.2 மில்லிகிராம். இருபதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிக் கை நடுங்க வைத்துவிட்டுக் கடைசியில் நெஞ்சுக்கு வருகிறது. குழல் நேரே நெஞ்சுக்கே போகிறது. இதில் எது வீரியம், நீங்களே சொல்லுங்கள்" என்றோம். "அப்படியென்றால் இத்தனை நாள் எங்களிடம் இதை ஏன் ஒருத்தரும் சொல்லலை?" என்றார் அந்த அம்மாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் படித்த டாக்டர்கள். ஓர் ஊசியைப் போட்டு, மூன்று நாள் மாத்திரையைக் கொடுத்து, மறுவாரம் மறுபடி வரச் செய்வது அவர்களில் பலருக்கு எளிதாயிருக்கிறது. உட்கார வைத்துக் குழலை இழுக்கக் கற்றுக் கொடுக்கப் பத்து நிமிஷம் செலவாகிறதே!

நாம் கேட்பதெல்லாம் இதுதான். பதினைந்து வயதுப் பெண்ணின் வாயில் ஊதாங்குழலை வைத்தபோது இந்த ஊர் வெட்கப்பட்டதா? அது பழகிவிடும் என்று பயந்ததா? நோயைக் கொண்டுவரும் குழல் குடும்பப் பெண்ணுக்கு அழகு. நோயைத் தணிக்கும் குழல் அவமானமா?

குழலை நேரே வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக் கொள்ளும். அதற்காக இடையில் ஒரு குடுவை வைக்க வேண்டும். கடையில் விற்கும் குடுவை கிடைக்காவிட்டால் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்து டாக்டர்கள், காலியான 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் குழல் நுழையும் அளவு துவாரமிட்டு, இடுக்கை அடைத்து, ஆஸ்துமா கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைக் குடுவையைப் போலவே அதுவும் வேலை செய்தது என்று 1999-ல் உலகறிய எழுதினார்கள். குப்பையில் எறியும் பாட்டில்! ஏழை நாட்டுக்கு வைத்தியம் கட்டாது என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்லுவார்கள்?

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமாவை மருந்தால் நன்றாக அடக்கி வைக்கலாம். அதற்கு வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு கலந்த குழல் தினமும் வேண்டும், சால்புட்டமால் மாத்திரம் போதாது. புகையால் கிழிந்த நுரையீரலோ திரும்பத் தைக்கப்படுவதில்லை. ஆனால் புகையை நிறுத்தினால் மேலும் கிழிவது மட்டுப்படும். குழல் மருந்தும், தடுப்பூசியும், தினந்தோறும் முறையான நடைப் பயிற்சியும் இருந்தால் திண்ணையை விட்டு எழுந்து நடமாடலாம். இரத்தத்தில் பிராணவாயு மிகக் குறைந்து போனவர்களுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து மணிக்குக் குறையாமல் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீளுகிறது என்பதை 1980, 1981 வருஷங்களிலேயே பரீட்சித்து நிரூபித்துவிட்டார்கள்.

சர்க்காரின் கடமை

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. செய்ததை அரையும் குறையுமாகச் செய்தது என்பதே நம் குற்றச்சாட்டு. 2016 மே மாதம் முதல் தேதி உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் உஜ்வலா திட்டத்தைத் துவக்கிக் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குக் காஸ் இணைப்புக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வீடுகள் ஆண்டுக்குச் சராசரி நாலு சிலிண்டர்கூட மறுபடி வாங்கவில்லை என்று 2019-ல் சர்க்காரின் கணக்குத் தணிக்கை அதிகாரியே எழுதினார். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருவதே அரிது. மீதி மாதமெல்லாம் எது எரிந்தது? விறகுதான் எரிந்தது. சிலிண்டர் மூலையில் பொட்டு வைத்து நின்றது. அடுப்பை இனாமாகக் கொடுத்து, எரிவதற்குக் கூலிக்காரனால் கொடுக்க முடியாத விலை வைப்பது, காலுக்குச் செருப்பைக் கொடுத்துவிட்டு நடப்பதற்கு வரி போடுவதற்கு ஒப்பாகும்.

பாதிப் பரிகாரம் பயன்படாது என்பதற்கு மலாவி நாடு சாட்சி. அங்கே புகை குறைவாக வரும் புதுமாதிரி விறகடுப்பைக் கொடுத்துப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை இரண்டு வருஷம் கவனித்து வந்தார்கள். நிமோனியா குறையவில்லை என்று 2016-ல் முடிவு வெளிவந்தது. விறகை வைத்துக் கொண்டே புகையை மாத்திரம் விரட்டுவது அவ்வளவு இலேசல்ல.

அதுபோலவே 2023-ல் மத்திய சர்க்காரின் தொற்றா நோய்த் திட்டத்துக்குப் புதுப்பெயர் வைத்து, நாட்பட்ட நுரையீரல் நோயையும் ஆஸ்துமாவையும் அதில் எழுதிக் கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. இவ்வழி இருக்கும்போது, படியிறங்கி நடக்க முடியாத இழுப்புக்காரருக்கு மருந்துக் குழல் ஏன் அதே பையில் வரக்கூடாது? வீடு தேடி மருந்து வர வேண்டியவர்களில் இவர்களைவிட முந்தியவர் யார்?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே! இதைப் படித்துவிட்டு "ஐயோ பாவம்" என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைப்பதால் ஒரு பிரயோஜனமுமில்லை. உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு தடவை நீங்களே போய் அரைமணி உட்கார்ந்து பாருங்கள். காஸ் இருந்தும் விறகு எரிகிறதென்றால், பீடிக்கும் அர்ச்சனைக்கும் செலவழிக்கும் பணத்தை முதலில் சிலிண்டருக்குத் திருப்புங்கள். விறகைத் தவிர வழியே இல்லையென்றால் அடுப்பை வெளியே தள்ளுங்கள், கூரையில் திறப்பு விடுங்கள், குழந்தையை அடுப்பண்டை விடாதீர்கள். அடுப்பு பெண்ணுக்கே சொந்தம் என்று எந்த விஞ்ஞானியும் கண்டுபிடிக்கவில்லை, நீங்களும் ஊதுங்கள். ஒருவார காலம் ஊதினால் காஸ் விலையைக் குறைக்கச் சொல்லி முதலில் கூச்சல் போடுகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரை மந்திரிக்க அழைத்துப் போகாதீர்கள். சளியைச் சோதிக்க அழைத்துப் போங்கள். இளைக்கிறவரை மூச்சளவு பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் ஊசியைத் தூக்கினால், "குழல் மருந்து ஏன் கூடாது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கிராம சபை கூடும்போது பத்துப் பேர் சேர்ந்து மூன்று தீர்மானம் கொண்டு வாருங்கள்: நம் சுகாதார நிலையத்தில் மூச்சளவுக் கருவி வேண்டும், குழல் மருந்து வருஷம் முழுவதும் தட்டில்லாமல் இனாமாகக் கிடைக்க வேண்டும், ஏழை வீட்டுக்கு மாதாமாதம் வாங்கக்கூடிய விலையில் காஸ் வேண்டும். தீர்மானத்தை நோட்டில் எழுதச் செய்து, நகல் வாங்கிக் கொண்டு வாருங்கள். அடுத்த சபையில் அந்த நகலைக் கையில் வைத்துக் கொண்டு, என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.